இருபது வருடம் பாடம் நடத்தியவருக்கு மேற்படிப்பு வகுப்பறையில் எதை மாற்றும்?

பதிவு 1 – வினாக்குறி

நீண்ட அனுபவமுள்ள ஆசிரியர்கள் கல்வியியலில் மேற்படிப்பு முடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பும்போது பேச்சு மாறிவிடுகிறது, பாடம் நடத்தும் விதம் அப்படியே இருக்கிறது என்ற குறை எங்கும் கேட்கிறது. ஆய்வேட்டில் உருவாக்க மதிப்பீடு (பாடம் நடக்கும்போதே பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று பார்த்து, அதற்கேற்பப் பாடத்தை மாற்றுவது) பற்றி நூறு பக்கம் இருக்கும். வகுப்பில் கேள்வி கேட்டு, கை தூக்கிய முதல் ஆளை எழுப்பி, "சரி, உட்கார்" என்று சொல்லும் பழக்கம் தொடரும்.

படித்ததும் யோசித்ததும் வகுப்புக்குள் எந்த வழியாக இறங்குகின்றன, இறங்காமல் போனால் எங்கே அடைபட்டு நிற்கின்றன என்பதை இந்த இழையில் பேசலாம். முதல் வாரம் என்ன செய்வது, எதை எண்ணுவது, எதை எழுதுவது என்ற அளவுக்கு விவரம் வேண்டும். "திறந்த மனம் வேண்டும்" போன்ற பொதுவான அறிவுரைகளைத் தவிர்த்துவிடுவோம்.

பதிவு 2 – கரும்பலகை

காரணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் ஆசிரியர் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்கிறார். பிறகு கேள்வி கேட்பது, பெயர் சொல்லி எழுப்புவது, விடையைத் திரும்பச் சொல்வது எல்லாம் கைப்பழக்கம் ஆகிவிடுகிறது. அது வேண்டிய ஒன்றுதான். அதனால்தான் கடைசி வரிசையில் யார் முழிக்கிறார் என்று கவனிக்க மனசுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் பழகிப்போனது செய்பவர் கண்ணுக்கே தெரியாது. "நிறையக் கேள்வி கேட்கிறேன், யோசிக்க நேரம் தருகிறேன்" என்று மனமார நம்பிக்கொண்டே ஒரு விநாடிகூடக் காத்திருக்காமல் நடத்தலாம். தெரியாத பழக்கத்தை எந்தப் புத்தகமும் மாற்றாது.

ஆகவே எந்தப் பாடநூலுக்கும் முன்னால் ஓர் ஒலிப்பதிவு. போனைச் சட்டைப் பையிலோ மேசையிலோ வைத்து ஒரு பாடவேளையை முழுக்கப் பதிவு செய்யுங்கள். முழுவதையும் கேட்க வேண்டாம். 40 நிமிடத்தில் நடுவில் உள்ள 10 நிமிடம் போதும். அதையும் வரிக்கு வரி எழுதாதீர்கள். 10 நிமிடப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஒரு மணி நேரமாவது பிடிக்கும், அந்தச் சலிப்பிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர் கேட்ட கேள்விகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு எண்: கேள்வி முடிந்து அடுத்த குரல் வரும்வரை எத்தனை விநாடி, மாணவர் பேசி முடித்து ஆசிரியர் வாய் திறக்கும்வரை எத்தனை விநாடி.

கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1974-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. இரண்டு இடத்திலும் சராசரி இடைவெளி ஒரு விநாடி அளவில்தான் இருந்தது. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீளமாயின, பதிலே வராத தடவைகள் குறைந்தன, கேட்காமலேயே பேசும் மாணவர்கள் கூடினார்கள். பயிற்சிகளில் முதல் இடைவெளியை மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டாவதுதான் அனுபவசாலிகளுக்குக் கடினம். விடை சரி என்று காதில் பட்டவுடன் வாய் தானாகவே "சரி" என்றுவிடும்.

இதில் தவறும் இடங்கள்: "தாவரத்தின் எந்தப் பாகம் நீரை உறிஞ்சுகிறது?" போன்ற நினைவுக் கேள்விக்கு மூன்று விநாடி காத்தால் வெறும் சங்கடமான மௌனம்தான். யோசிக்க ஏதாவது இருக்கும் கேள்விக்கே காத்திருப்பு உதவும். இரண்டாவது, மௌனம் தாங்காமல் அதே கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்பது. யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை அறுந்துபோய்ப் புதிய வாக்கியத்தைப் புரிந்துகொள்ள ஆரம்பிக்கிறது. மூன்றாவது, பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்பது. 40 பேர் வகுப்பில் மீதி 39 பேருக்கும் அங்கேயே விடுமுறை.

பதிவு 3 – மாலைவகுப்பு

கரும்பலகை சார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஒலிப்பதிவு எண்களைத் தரும், அவற்றுக்கு அர்த்தம் சொல்ல எழுத்து வேண்டும். மேற்படிப்பில் பல இடங்களில் மீள்நோக்குக் குறிப்பேடு, அதாவது நடத்திய பாடத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் நோட்டு, கட்டாயம். பெரும்பாலான குறிப்பேடுகள் பயனில்லாமல் போவதற்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது.

ஹேட்டன், ஸ்மித் இருவரும் 1995-இல் இப்படிப்பட்ட எழுத்தை நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஒரே நிகழ்ச்சியை நான்கு வகையிலும் எழுதிக் காட்டுகிறேன். வித்தியாசம் அப்போதுதான் பிடிபடும்.

வெறும் விவரிப்பு: "குழு வேலை கொடுத்தேன். ஆறு குழுக்களில் இரண்டு முடிக்கவில்லை."

காரணம் சேர்ந்த விவரிப்பு: "இரண்டு குழு முடிக்கவில்லை. நேரம் போதவில்லை."

தன்னோடு வாதாடும் எழுத்து: "நேரம்தான் காரணமா? அதே நேரத்தில் நான்கு குழு முடித்திருக்கிறது. முடிக்காத இரண்டிலும் ஒரே ஆள் எழுத, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழுவுக்கு ஒரே தாள் கொடுத்ததால் மூன்று பேருக்கு வேலையே இல்லாமல் போயிருக்கலாம்."

விமர்சன எழுத்து: "எழுதியவர் யார்? இரண்டிலும் போன தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியவர். யார் பேசலாம், யார் பார்க்கலாம் என்பதை இந்த வகுப்பில் மதிப்பெண் முடிவு செய்கிறது. விடைத்தாளை மதிப்பெண் வரிசையில் கொடுக்கும் வழக்கம் அதை வளர்த்திருக்கிறது."

மூன்றாவதற்கு வந்தாலே மறுநாள் பாடம் மாறும்: தாளை நான்காகப் பிரித்துக் கொடுப்பீர்கள். நான்காவது வந்தால் தாள் கொடுக்கும் வரிசையும் மாறும். முதல் இரண்டில் நின்றுவிடும் குறிப்பேடு ஒரு வருடம் எழுதினாலும் "நேரம் போதவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

கிப்ஸின் ஆறு படிநிலைச் சுழற்சியை (1988) அச்சடித்த படிவமாகக் கொடுப்பது பரவலான வழக்கம்: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். சட்டகம் நல்லதுதான். ஆறு கட்டத்துக்கும் ஒரே அளவு இடம் விட்டு அச்சடிப்பதால் ஆறிலும் மூன்று மூன்று வரி விழுகிறது. பகுப்பாய்வுக்கு அரைப் பக்கமும் மற்றவற்றுக்கு இரண்டு வரியும் விட்டால் எழுத்தே வேறு மாதிரி வரும்.

பதிவு 4 – இடைமதிப்பு

குறிப்பேட்டில் எனக்கு இன்னொரு சந்தேகம் உண்டு. வகுப்பு முடிந்த பிறகு எழுதுவதால், நடந்ததற்கு ஏற்ற காரணத்தை மனசு சுலபமாகப் புனைந்துவிடுகிறது. முன்னாலேயே எழுதினால் அந்த வசதி கிடையாது.

பாடத்துக்கு முன் இரண்டு வரி: எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தடுக்கி விழுவார்கள், எப்படிப்பட்ட தவறு வரும். பாடம் முடிந்ததும் உண்மையான எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். "40 பேரில் 5 பேர் தவறுவார்கள்" என்று எழுதி 19 பேர் தவறியிருந்தால், அன்றைக்கு யோசிக்க வேண்டிய விஷயம் கையில் கிடைத்துவிட்டது. கணிப்பும் விளைவும் பொருந்திய நாளில் எதுவும் எழுத வேண்டியதில்லை, நேரம் மிச்சம்.

அனுபவசாலிகளுக்கு இது ஏன் அவசியம் என்றால், பாடப்பொருளில் ஆழம் கூடக்கூட எது பிள்ளைகளுக்குக் கடினம் என்ற கணிப்பு தவறும் வாய்ப்பும் கூடுகிறது. நேதன், கோடிங்கர் 2000-இல் உயர்நிலைக் கணித ஆசிரியர்களிடம் கணக்குகளைக் கடின வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். சமன்பாடாக எழுதியது சுலபம், வாக்கியக் கணக்கு கடினம் என்று பெரும்பாலும் அடுக்கினார்கள். இயற்கணிதம் தொடங்கும் மாணவர்களின் விடைகளோ தலைகீழாக இருந்தன. யோசித்தால் காரணம் புரியும். "ஓர் எண்ணை 4-ஆல் பெருக்கி 12 கூட்டினால் 40 வருகிறது, எண் என்ன?" என்றால் பிள்ளை 40-இலிருந்து 12-ஐக் கழித்து 28, அதை 4-ஆல் வகுத்து 7 என்று பின்னாலிருந்து அவிழ்த்துவிடும். 4x + 12 = 40 என்று எழுதினால் அந்தக் குறியீட்டு மொழியே முதல் தடை. அந்த மொழியில் பல வருடமாகப் புழங்கும் ஆசிரியருக்கு அது தடையாகவே தோன்றாது.

பதிவு 5 – வினாக்குறி

மூன்று பேருக்கும் நன்றி. கணிப்பு எழுதுவது உடனே செய்யக்கூடியது. ஆனால் எத்தனை பேர் தவறினார்கள் என்ற எண்ணைப் பாடத்தின் நடுவிலேயே எப்படி எடுப்பது? 40 நோட்டைத் திருத்தினால்தானே தெரியும்?

பதிவு 6 – கரும்பலகை

ஒரே ஒரு கேள்வி, நான்கு விடைகள், எல்லாரும் ஒரே நேரத்தில் விரலால் காட்ட வேண்டும்: அ-வுக்கு ஒரு விரல், ஆ-வுக்கு இரண்டு. விரலை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் ஒரே சமயத்தில். மொத்தம் இரண்டு நிமிடம்.

வேலை முழுவதும் கேள்வியை அமைப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு தவறான எண்ணமும் வெவ்வேறு விடையில் போய் விழ வேண்டும். தசமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "எது பெரியது: 0.5, 0.45, 0.345?" என்று கேட்பது வழக்கம். புள்ளிக்குப் பின் இலக்கம் அதிகமானால் மதிப்பும் அதிகம் என்று நம்பும் பிள்ளை 0.345 என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். ஆனால் இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: இலக்கம் குறைந்தால் மதிப்பு அதிகம் என்று நினைப்பது. அந்தப் பிள்ளை 0.5 என்று சொல்லும், ஆசிரியர் "சரி" என்பார். தவறான எண்ணம் பாராட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

எண்களை மாற்றுங்கள்: 0.62, 0.4, 0.385. நீளமே பெரிது என்பவர் 0.385-க்குப் போவார், குட்டையே பெரிது என்பவர் 0.4-க்குப் போவார், இடமதிப்பு தெரிந்தவர் மட்டும் 0.62. ஒரே பார்வையில் வகுப்பு மூன்றாகப் பிரிந்து தெரிகிறது.

இப்படி ஒரு கேள்வி அமைக்க முதலில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மேற்படிப்பு நேரடியாகக் கை கொடுக்கும் இடமும் இதுதான். பிள்ளைகளின் தவறான கருத்துகளைப் பற்றிய ஆய்வுகள் தசமத்துக்கும் பின்னத்துக்கும் மின்சுற்றுக்கும் ஏராளமாக இருக்கின்றன. லீ ஷுல்மன் 1986-இல் தனியாகப் பெயரிட்டுக் காட்டியது இந்த வகை அறிவைத்தான்: பாடம் தெரிந்திருப்பதும் பொதுவான கற்பித்தல் முறை தெரிந்திருப்பதும் போதாது, இந்தப் பாடம் எந்த இடத்தில் பிள்ளைக்குப் புரியாமல் போகும் என்பது தனி அறிவு. அனுபவம் அதில் பாதியைத் தரும். மீதிப் பாதி, "சரி" என்று சொல்லிக் கடந்துவிட்ட தவறுகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

பதிவு 7 – நிறுத்தற்குறி

மொழிப் பாடம் நடத்துபவர்களுக்கு ஒன்று. கட்டுரை திருத்துவதில் போகும் நேரம் மற்ற எதையும்விட அதிகம், அதனால் கிடைக்கும் மாற்றம் மிகக் குறைவு. ரூத் பட்லர் 1988-இல் மூன்று விதமாகத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்: மதிப்பெண் மட்டும், குறிப்புரை மட்டும், இரண்டும் சேர்த்து. குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மதிப்பெண் மட்டும் பெற்றவர்களுக்கு ஆன கதியே ஆனது. எண்ணைப் பார்த்ததும் மற்றவரின் எண்ணைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்கள், குறிப்புரையை யாரும் படிப்பதில்லை.

மதிப்பெண்ணைக் கைவிட எந்த நிர்வாகமும் ஒப்புக்கொள்ளாது, கைவிடவும் வேண்டாம். மதிப்பெண்ணைத் தனிப் பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு, நோட்டில் குறிப்புரை மட்டும் எழுதிக் கொடுங்கள். அதே பாடவேளையில் 10 நிமிடம் ஒதுக்கி ஒரு பத்தியைத் திருத்தி எழுதச் செய்யுங்கள். திருத்தியவர்களுக்கு இரண்டு நாள் கழித்து மதிப்பெண். "இன்னும் நன்றாக எழுதவும்" என்பது குறிப்புரை ஆகாது. "இரண்டாம் பத்தியின் முதல் வாக்கியமும் மூன்றாம் பத்தியின் முதல் வாக்கியமும் ஒரே கருத்தைச் சொல்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் எடுத்துக்காட்டு தருக" என்பது குறிப்புரை. எல்லாப் பிழையையும் சிவப்பாக்கினால் எதைத் திருத்துவது என்றே தெரியாது, ஒரு கட்டுரைக்கு இரண்டு இடம் போதும்.

பதிவு 8 – இடைமதிப்பு

இனி அளவீடு. செயலாய்வு (ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒரு முறையைச் செய்து பார்க்கும் ஆய்வு) ஆய்வேடுகளில் "முன்தேர்வில் சராசரி குறைவு, புதிய முறைக்குப் பின் சராசரி கூடியது, ஆகவே முறை பயன் தருகிறது" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த முடிவு நிற்காது.

நடுவில் எதைக் கற்பித்திருந்தாலும் பின்தேர்வு கூடும், பழைய முறையில் நடத்தியிருந்தாலும் கூடியிருக்கும். முன்தேர்வில் மிகக் குறைவாக எடுத்த 10 பேரைப் பிரித்து அவர்களுக்கு மட்டும் சிறப்பு வகுப்பு எடுத்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்களின் சராசரி கொஞ்சம் ஏறும். மிகக் கீழே போனவர்களில் சிலர் அன்றைக்கு உடம்பு சரியில்லாமலோ கேள்வியைத் தவறாகப் படித்தோ கீழே போயிருப்பார்கள், அடுத்த முறை தம் வழக்கமான இடத்துக்குத் திரும்புவார்கள். அடுத்தது எண்ணிக்கை. 40 பேர் வகுப்பில் ஒருவர் என்பது 2.5 சதவீதம். 55 சதவீதம் 60 ஆனது என்றால் 22 பேர் 24 ஆனார்கள், அவ்வளவுதான். இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு முறையை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

ஒரே ஆசிரியருக்கு இரண்டு பிரிவு இருந்தால் மாற்றி மாற்றிச் செய்யலாம். முதல் அலகில் 'அ' பிரிவுக்குப் புதிய முறை, 'ஆ' பிரிவுக்கு வழக்கமான முறை. இரண்டாம் அலகில் நேரெதிர். புதிய முறை இரண்டு தடவையும், இரண்டு வேறு பிரிவிலும் முந்தினால் அதில் ஏதோ இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கும் ஒரு முறை முழுக்க மறுக்கப்படவும் இல்லை.

தேர்வை எப்போது வைப்பது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ரோடிகர், கார்ப்பிக் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். பாடம் முடிந்த கையோடு தேர்வு வைக்கும் ஆசிரியர் தவறான முறையைத் தேர்ந்தெடுத்துவிடக்கூடும். அலகு முடிந்த அன்று ஒன்று, முன்னறிவிப்பு இல்லாமல் மூன்று வாரம் கழித்து ஒன்று. இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும்.

திருத்துவதிலும் கவனம் வேண்டும். இரண்டு பிரிவுத் தாள்களையும் கலந்து, பெயரை மறைத்து எண் போட்டு, முன்னாலேயே எழுதிவைத்த விடைக்குறிப்போடு இன்னொருவரைத் திருத்தச் சொல்லுங்கள். தன் முறை வெல்ல வேண்டும் என்ற ஆசை அரை மதிப்பெண்ணாக எல்லாத் தாளிலும் கசிந்துவிடும்.

பதிவு 9 – மாலைவகுப்பு

இடைமதிப்பு சொல்வதெல்லாம் சரி. ஆனால் இந்தக் கண்டிப்பை எல்லாருக்கும் விதித்தால் பாதிப் பேர் எதையும் தொடவே மாட்டார்கள். ஆய்வேட்டுக்கு இது வேண்டும். தன் வகுப்பை மட்டும் சரிசெய்ய விரும்புபவருக்கு மூன்று வாரம் கழித்து வைக்கும் தேர்வு ஒன்றும், மூன்று பிள்ளைகளோடு ஐந்து ஐந்து நிமிடப் பேச்சும் போதும். ஒரு பிள்ளை தன் விடைக்கு எப்படி வந்தது என்று சத்தமாகச் சொல்வதைக் கேட்பது பல சராசரிகளைவிட அதிகம் சொல்லும்.

பதிவு 10 – இடைமதிப்பு

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்த மூன்று பேரைத் தேர்வுக்கு முன்னாலேயே தேர்ந்துவிடுங்கள்: மேலிருந்து ஒருவர், நடுவில் ஒருவர், கீழிருந்து ஒருவர். தேர்வுக்குப் பிறகு தேர்ந்தால் நன்றாகப் பேசும் மூவரையே கை தேடும்.

பதிவு 11 – பாடக்குறிப்பு

தனி ஆளாகச் செய்வது பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஜப்பானில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆய்வு, இந்த வேலையைக் கூட்டாகச் செய்கிறது. 1999-க்குப் பிறகு ஸ்டிக்லர், ஹீபர்ட் எழுதியவற்றால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பல இடங்களில் அதன் தோல் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது: ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்துப் பாராட்டுவது.

மூலத்தில் பெரும்பகுதி வேலை பாடத்துக்கு முன்னால் நடக்கிறது. நான்கு முதல் ஆறு பேர் ஒரே ஒரு பாடவேளைக்காகப் பல வாரம் உட்கார்கிறார்கள். பாடநூலில் இந்த எடுத்துக்காட்டு ஏன் வந்தது, எண்கள் ஏன் இவை, போன வகுப்பில் இதற்கு முன்னோட்டம் எங்கே என்று பொருளைத் தோண்டுகிறார்கள். பிறகு எழுதும் பாடக்குறிப்பு நம் வழக்கமான 'நோக்கம், கருவி, படிநிலை' வடிவத்தில் இருக்காது. ஆசிரியர் கேட்கும் கேள்வி ஒரு பத்தி. அதற்கு வரக்கூடிய பிள்ளைகளின் விடைகள், தவறானவையும் உட்பட, அடுத்த பத்தி. ஒவ்வொரு விடைக்கும் ஆசிரியர் என்ன செய்வார், பார்வையாளர் எதைக் கவனிக்க வேண்டும் என்பது மூன்றாவது. நடுப் பத்திதான் உயிர். அனுபவசாலி நாலு பேர் உட்கார்ந்தால் அதில் ஏழெட்டு விடை சேரும். ஒருவருக்கு மூன்றுக்கு மேல் தோன்றாது.

பார்வையாளர்கள் ஆசிரியரைப் பார்க்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு, அவர்கள் எழுதியது, அழித்தது, பக்கத்தில் கேட்டது ஆகியவற்றை நேரத்தோடு குறிக்க வேண்டும். "10:22 – 3/4 என்று எழுதி அழித்தார், 10:24 – பக்கத்துத் தாளைப் பார்த்தார்" என்ற அளவுக்கு. பிறகு நடக்கும் கூட்டத்தில் பாடம் நடத்தியவர் முதலில் பேசுவார், பார்த்தவர்கள் குறிப்பை மட்டும் படிப்பார்கள், கருத்து அதற்குப் பின். பேச்சு "நம் பாடம்" என்றே இருக்கும். "நீங்கள் அந்த இடத்தில் வேகமாகப் போனீர்கள்" என்று ஒருவர் ஆரம்பித்தால் கூட்டம் முடிந்தது. அடுத்த முறை யாரும் தன் பாடத்தைத் திறந்து காட்ட மாட்டார்கள்.

தலைமையாசிரியர் தன் மதிப்பீட்டுப் படிவத்தோடு வந்து உட்காரும் இடத்திலும் இது செத்துவிடும். பாடம் ஒத்திகை பார்த்த நாடகமாகிவிடும். பணி மதிப்பீட்டுக்கும் பாட ஆய்வுக்கும் ஒரே நாளைப் பயன்படுத்தாதீர்கள்.

பதிவு 12 – வினாக்குறி

கால அட்டவணையில் நாலு பேருக்கு ஒரே நேரம் காலியாகக் கிடைப்பது அபூர்வம். இரண்டு பேர் மட்டும் இருந்தால்?

பதிவு 13 – பாடக்குறிப்பு

செய்யலாம். ஒருவருக்கு ஓய்வுப் பாடவேளை இருக்கும்போது மற்றவர் வகுப்பில் முதல் 15 நிமிடம் மட்டும். ஒரே பாடம் எடுப்பவராக இருக்க வேண்டியதில்லை. வேறு பாடக்காரர் வந்தால் "இந்தச் சொல் எனக்கே புரியவில்லை" என்று சொல்லும் நன்மை உண்டு. நுழைவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புங்கள்: "இரண்டாம் வரிசையில் இடப்பக்கம் இருக்கும் இருவரும் கணக்கை எங்கே தொடங்குகிறார்கள்?" கேள்வி இல்லாமல் வந்தால் "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

பதிவு 14 – கரும்பலகை

யாரும் சொல்லாத ஒன்று. பழகிய முறையை மாற்றினால் முதல் இரண்டு மூன்று வாரம் வகுப்பு முன்பைவிட மோசமாகத்தான் போகும். நேரம் தவறும், சத்தம் கூடும், பாடப்பகுதி பின்தங்கும். இருபது வருடம் சீராக நடத்தியவருக்கு அந்தத் தடுமாற்றம் அவமானமாகத் தோன்றும், உடனே பழையதற்குத் திரும்பிவிடுவார். "ஆராய்ச்சி எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்ற முடிவு பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான் எடுக்கப்படுகிறது.

அதனால் எல்லா வகுப்பிலும் ஒரே சமயம் மாற்றாதீர்கள். வாரத்தில் அதிகப் பாடவேளை உள்ள ஒரு வகுப்பு, அதில் ஒரே ஒரு பழக்கம், குறைந்தது ஆறு வாரம். காத்திருப்பு என்றால் காத்திருப்பு மட்டும், விரல் விடை அடுத்த பருவத்தில் வரட்டும். தாமஸ் கஸ்கி 1986-இல் சொன்ன வரிசையும் இதற்குப் பொருந்துகிறது: நம்பிக்கை மாறிய பிறகு ஆசிரியர் முறையை மாற்றுவதில்லை, முறையை மாற்றி, பிள்ளைகளிடம் பலனைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை மாறுகிறது. முதல் பலன் கண்ணில் படும்வரை தாக்குப்பிடிப்பதுதான் முழு வேலையும்.

ஒலிப்பதிவு பற்றி இன்னொன்று. நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி, பிள்ளைகளிடம் வாய்மொழியாகச் சொல்வது, கேள்விகளை எழுதி முடித்ததும் அழிப்பது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு விநாடிகூடப் பகிரக் கூடாது.

பதிவு 15 – வினாக்குறி

இலக்கணத்துக்கு விரல் விடைக் கேள்வி ஒன்று அமைத்துப் பார்த்தேன். வல்லினம் மிகும் இடம். நிறுத்தற்குறி அம்மா பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அந்த + கடை" எப்படி எழுத வேண்டும்? அ) அந்தகடை, ஆ) அந்தக் கடை, இ) அந்தங் கடை, ஈ) அந்த கடை.

பதிவு 16 – நிறுத்தற்குறி

0.5 கேள்வியில் கரும்பலகை சார் காட்டிய ஓட்டை இதிலும் இருக்கிறது. சுட்டுச் சொல்லுக்குப் பின் வலி மிகும் என்று தெரிந்த பிள்ளையும் 'ஆ' சொல்லும், "'ந்த' என்று முடிந்தால் மிகும்" என்று தவறாக நினைக்கும் பிள்ளையும் 'ஆ' சொல்லும். இரண்டாவது பிள்ளைதான் கட்டுரையில் "வந்தப் பையன்", "தந்தப் பணம்" என்று எழுதுகிறது. அதைப் பிடிக்க இரண்டு தொடரையும் சேர்த்துக் கேட்க வேண்டும்:

அ) அந்தப் பையன், வந்தப் பையன்
ஆ) அந்தப் பையன், வந்த பையன்
இ) அந்த பையன், வந்த பையன்
ஈ) அந்த பையன், வந்தப் பையன்

'ஆ' சரி. 'அ' காட்டுபவர்கள் சொல்லின் ஈற்றோசையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். 'இ' காட்டுபவர்களுக்கு விதியே பதியவில்லை, இவர்களுக்குப் பாடத்தை முதலிலிருந்து எடுக்க வேண்டும். 'ஈ' அநேகமாக ஊகம்.

'அ' காட்டியவர்கள் 40-இல் ஏழெட்டுப் பேருக்கு மேல் இருந்தால் "பெயரெச்சத்தின் பின் மிகாது" என்று விதியைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை, எது பெயரெச்சம் என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஒரு சோதனையைக் கொடுங்கள்: சொல்லை வினைமுற்றாக மாற்ற முடிகிறதா? வந்த – வந்தான், தந்த – தந்தான், பார்த்த – பார்த்தான். முடிந்தால் மிகாது. அந்த, இந்த, எந்த ஆகியவற்றை அப்படி மாற்ற முடியாது, மிகும். பத்துச் சொல்லைப் பலகையில் எழுதி ஐந்து நிமிடம் பிரிக்கச் சொன்னால் போதும். மறுநாள் அதே தொடரைக் கேட்காதீர்கள், விடையை மனப்பாடம் செய்திருப்பார்கள். "இந்தப் படம், பார்த்த படம்" என்று மாற்றிக் கேளுங்கள்.

"அழியாப் புகழ்" போன்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் வலி மிகும். அதை இதே வாரத்தில் கொண்டுவர வேண்டாம். சோதனை கைக்குப் பழகும் முன்னால் விதிவிலக்கு வந்தால் இரண்டும் போய்விடும்.